பொபினி வழக்கும் ஒரு பழைய பதிவேடும்

பொபினி என்றதும் நம் ஊர்க்காரர்கள் பலருக்கு நினைவுக்கு வருவது பிரெஃபெக்தூர் வாசலில் நிற்கும் வரிசைதான். பாரிசுக்கு வடகிழக்கே, 93 என்று எண்ணைச் சொல்லியே அழைக்கிற மாவட்டத்தின் தலைமையிடம் அது. மருமகளுக்கோ மருமகனுக்கோ கார்த் தெ செழூர் வாங்க அங்கே கால் கடுக்க நின்ற கதை நம் வீடுகளில் ஒன்றாவது இருக்கும். அந்த ஊர் நீதிமன்றத்தில் 1972-இல் நடந்த ஒரு வழக்கைப் பற்றி எழுத வேண்டும் என்று பல நாளாக நினைத்திருந்தேன். சங்கோசத்தில் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன். பதினாறு வயதுப் பெண் ஒருத்தியின் கர்ப்பம் பற்றிய வழக்கு. இதைப் படிப்பவர்கள் பெரும்பாலும் பேரன் பேத்தி எடுத்தவர்கள் என்பதால் முகம் சுளிக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். குமாஸ்தா புத்தி அப்படித்தான் போகும். முதல் உலகப் போரில் பிரான்சு ஏறத்தாழ பதினான்கு லட்சம் பேரைப் பறிகொடுத்தது. ஜனத்தொகை குறைந்துவிட்டதே என்ற கவலையில் 1920 ஜூலை 31-ஆம் தேதி ஒரு சட்டம் போட்டார்கள். கருக்கலைப்புக்குத் தூண்டுவது மட்டுமல்ல, கருத்தடைக்குப் பிரசாரம் செய்வதும் அதன்படி குற்றம். 1923-இல் இன்னொரு சட்டம் வந்து, கருக்கலைப்பு வழக்குகளை ஜூரிகளிடமிருந்து பிடுங்கி நீதிபதிகளிடம் கொடுத்தது. ஜூரிகள் இரக்கப்பட்டு விட்டுவிடுகிறார்களாம். பெத்தேன் அரசு 1942-இல் அதை நாட்டுக்கே எதிரான குற்றமாக்கியது. மறு வருஷம் ஜூலை 30-ஆம் தேதி, ஷெர்பூரில் சலவை வேலை செய்து பிழைத்த மரி-லூயிஸ் ஜிரோ என்ற பெண்ணின் தலையை இதற்காகக் கில்லத்தீனில் வெட்டினார்கள். போர் முடிந்ததும் அந்த 1942 சட்டம் ஒழிந்தது. 1920-ஆம் வருஷத்துச் சட்டம் ஒழியவில்லை.

1967 டிசம்பரில் லூசியேன் நேவிர்த் கொண்டுவந்த சட்டத்தால் கருத்தடை மாத்திரைக்கு அனுமதி கிடைத்தது. ஆனால் அதை நடைமுறைப்படுத்தும் ஆணைகள் எல்லாம் வந்து சேர 1972 ஆகிவிட்டது. (கோப்பு எந்த தேசத்திலும் ஒரே வேகத்தில்தான் நகரும் போலிருக்கிறது.) பதினாறு வயதுப் பெண் மாத்திரை வாங்க வேண்டுமானால் பெற்றோரில் ஒருவர் எழுதிக் கொடுத்த சம்மதமும் வேண்டும். எந்தப் பெண் போய்க் கேட்பாள்?

இனி வழக்குக்கு வருகிறேன். தாய் பாரிஸ் மெட்ரோவில் வேலை செய்தவர். மாதச் சம்பளம் சுமார் 1500 பிராங்க். பிள்ளைகளின் தகப்பன் விட்டுப் போய்விட்டான். மூன்று பெண் பிள்ளைகளையும் தனியாக வளர்த்தார். மூத்தவள் மரி-கிளேர். 1971-ஆம் வருஷக் கடைசியில், தன் பள்ளிக்கூடத்துப் பையன் ஒருவனால் பலாத்காரம் செய்யப்பட்டாள். வீட்டில் சொல்லவில்லை. கர்ப்பம் என்று தெரிந்தபோது, வேண்டாம் என்று அழுதாள். தாய் அவளை வைத்தியரிடம் அழைத்துப் போனார். செய்கிறேன், 4500 பிராங்க் ஆகும் என்றார் வைத்தியர். மூன்று மாதச் சம்பளம்.

தாய் மெட்ரோவில் கூட வேலை செய்த ஒருவரிடம் சொல்ல, அவர் இன்னொருவரைக் கைகாட்ட, அவர் மருத்துவம் படிக்காத ஒரு பெண்ணைக் காட்டினார். கூலி 1200 பிராங்க். செய்தது சரியாக ஆகாமல் நடு இரவில் பெண்ணுக்கு ரத்தப்போக்கு ஏற்பட்டு, கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். முன்பணம் கட்டிவிட்டு வரச் சொன்னார்கள் அங்கே. பெண் எப்படியோ பிழைத்தாள்.

வழக்கு எப்படி வந்தது என்பதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறாத விஷயம். சில வாரம் கழித்து அந்தப் பையன் கார் திருட்டு விவகாரத்தில் போலீசிடம் மாட்டினான். தான் தப்பிக்க, இன்ன வீட்டில் இன்ன பெண் கருவைக் கலைத்தாள் என்று சொல்லிக் கொடுத்தான். போலீஸ் வீட்டுக்கு வந்தது. தாய், மகள், மெட்ரோவில் வேலை செய்த அந்த இரண்டு பெண்கள், கலைத்துவிட்ட பெண், ஐந்து பேர் மேலும் வழக்கு. அவன் செய்த பலாத்காரத்துக்கு வழக்கில்லை.

எனக்கு இந்தச் செய்தி தெரிய வந்தது எங்கள் தெருவில் இருந்த ஒரு சொல்தா மூலமாக. பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்று வந்தவர். அவருடைய மகன் பாரிசிலிருந்து பழைய 'பாரி மாட்ச்', 'நுவெல் ஒப்செர்வாத்தேர்' இதழ்களைக் கட்டுக் கட்டாக அனுப்புவான். அவருக்குக் கண் மங்கிவிட்டதால் நான் போய் வாசித்துக் காட்டுவேன். கூலி ஒரு தம்ளர் காபி. எனக்கு அப்போது இருபது வயது நடந்துகொண்டிருந்தது. இந்த வழக்கு வந்த பக்கங்களை வாசிக்கும்போது எனக்குத் தொண்டை அடைத்தது. துக்கத்தால் இல்லை, வெட்கத்தால். பிரெஞ்சில் இருக்கிற சொற்கள் புரிகின்றன, ஆனால் அதைப் பெரியவர் முன்னால் வாய்விட்டு வாசிப்பது எப்படி? அவர்தான், "வாசிடா தம்பி, ஊர்ல உலகத்துல நடக்கறதுதானே" என்றார்.

இருபது வயதில் எனக்கு இந்த விஷயத்தில் என்ன தெரியும் என்று கேட்டால், ஒன்றும் தெரியாது. பள்ளிக்கூடத்தில் 'மதாம் பொவாரி' முழுவதும் படித்துப் பரீட்சை எழுதியவர்கள் நாங்கள். கணவனை ஏமாற்றும் ஒரு பெண்ணின் மனசைப் பற்றி நாலு பக்கம் கட்டுரை எழுதுவோம். உயிரியல் புத்தகத்தில் இனப்பெருக்கம் என்ற பாடம் பூவில் தொடங்கித் தவளைக்கு வந்து முயலில் முடியும். முயல் வந்ததும் ஆசிரியர், "இதை வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்" என்று அடுத்த பாடத்துக்குப் போய்விட்டார். வீட்டில் யாரிடம் போய்ப் படிப்பது? எங்களுக்குப் பாடம் நடந்த இடம் கடற்கரைச் சுவர். எங்களைவிட இரண்டு வயது மூத்த பையன்கள் அங்கே உட்கார்ந்து சொன்னதில் முக்கால்வாசி பொய் என்பது பிற்பாடு தெரிந்தது. கேட்டபோது யாருக்கும் சந்தேகம் வரவில்லை. தெரியாது என்று சொல்கிறவன் அந்தச் சுவரில் உட்கார முடியாது. சும்மா இருந்தவனும் தெரிந்ததுபோல் நடித்தான். நடித்ததை நிரூபிக்கச் சிலர் போகக் கூடாத இடத்துக்கெல்லாம் போனார்கள். அதில் ஒருவன் வியாதியோடு வந்து, அப்பாவுக்குத் தெரியாமல் பெனிசிலின் ஊசி போட எங்களிடம் காசு வசூலித்தான். ஆளுக்கு எட்டணா கொடுத்தோம், ஒருவரும் அவனுக்குப் புத்தி சொல்லவில்லை. அவனைக் கொஞ்சம் பொறாமையோடுதான் பார்த்தோம் என்று இன்றைக்கு ஒத்துக்கொள்கிறேன்.

பிரான்சிலும் பள்ளிகளின் நிலைமை இதைவிட மேலாக இல்லை என்பதை அந்த இதழ்களில்தான் தெரிந்துகொண்டேன். 1971-இல் கொர்பேய் என்ற ஊர்ப் பள்ளியில் ஒரு பையனும் பெண்ணும் முத்தமிட்டதற்காகக் கண்டிக்கப்பட்டார்கள். அதைத் தொடர்ந்து ழான் கார்ப்பாந்தியே என்ற டாக்டர், மாணவர்களுக்கு உடலுறவைப் பற்றி ஒளிவுமறைவில்லாமல் எழுதின துண்டுப் பிரசுரம் ஒன்றைப் பள்ளி வாசலில் விநியோகித்தார். மருத்துவர் சங்கம் அவரை ஒரு வருஷம் தொழில் செய்யக் கூடாது என்று நிறுத்தி வைத்தது. மாணவர்கள் கேட்டார்கள் என்று அதே பிரசுரத்தை வகுப்பில் எடுத்துப் பேசிய பெல்ஃபோர் ஊர்த் தத்துவ ஆசிரியை மேல் ஒழுக்கக்கேடு என்று வழக்குப் போட்டார்கள். பள்ளி மாணவர்கள் ஊர் ஊராக வேலைநிறுத்தம் செய்த பிறகு அந்த வழக்கு கைவிடப்பட்டது. அந்தப் பிரசுரம் என் ரசனைக்குக் கொஞ்சம் அதிகம்தான். ஆனால் பெரியவர்கள் வாயை மூடிக்கொண்டால் அந்த இடத்தில் எவனாவது ஒருவன் பேசத்தான் போகிறான். எங்கள் கடற்கரைச் சுவருக்கு அந்த டாக்டர் மேல்.

மரி-கிளேர் வழக்கில் தாய்க்கு வழி காட்டியது ஒரு நூலகம். மெட்ரோ ஊழியர்களுக்கான நூலகத்தில் ஜமீலா பூபாஷா என்ற அல்ஜீரியப் பெண்ணைப் பற்றிய புத்தகம் ஒன்றை அவர் எடுத்துப் படித்திருக்கிறார். பிரெஞ்சுப் பட்டாளத்தால் சித்திரவதை செய்யப்பட்ட அந்தப் பெண்ணுக்காக வாதாடிய வக்கீல் ஜிசேல் அலிமி. அவருக்கே எழுதினார் தாய். அலிமி துனீசியாவில் பிறந்தவர். முந்தின வருஷம் ஏப்ரல் 5-ஆம் தேதி 'நுவெல் ஒப்செர்வாத்தேர்' இதழில், நாங்களும் கருக்கலைப்பு செய்துகொண்டவர்கள்தான் என்று 343 பெண்கள் கையெழுத்துப் போட்ட அறிக்கை வந்ததே, அதில் அவர் பெயரும் உண்டு. சிமோன் தெ பொவ்வார், நடிகைகள் கத்ரீன் தெனேவ், ழான் மொரோ எல்லோரும் கையெழுத்திட்டிருந்தார்கள். சட்டப்படி அது ஒப்புதல் வாக்குமூலம். ஆனாலும் அவர்கள் மேல் ஒரு வழக்குகூடப் போடவில்லை. பணம் உள்ளவர்கள் லண்டனுக்கோ ஜெனீவாவுக்கோ போய் வந்துகொண்டிருந்தார்கள். நீதிமன்றக் கூண்டில் ஏறியது மெட்ரோக்காரியின் மகள். அலிமி வாதத்தின் முதுகெலும்பே இதுதான்.

1972 அக்டோபர் 11-ஆம் தேதி மரி-கிளேர் சிறார் நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டாள். மூடிய அறைக்குள் விசாரணை. வெளியே அவளை விடுதலை செய்யச் சொல்லிக் கூட்டம் போட்ட கூச்சல் உள்ளே கேட்டதாம். அவளை விட்டுவிட்டார்கள். ஏன் விட்டார்கள் என்பதைத்தான் நான் திரும்பத் திரும்ப வாசித்தேன். இந்தக் காரியத்தை இவள் தானாக, யோசித்துத் தேர்ந்தெடுத்துச் செய்ததாகக் கொள்ள முடியாது. ஒழுக்கம், சமூகம், குடும்பம் இவற்றின் நெருக்குதலுக்கு எதிர்த்து நிற்க அவளால் முடியவில்லை என்பது தீர்ப்பின் சாரம். விடலைப் பிள்ளைகள் தப்பு செய்தால் "கெட்ட சகவாசம்", "சினிமா பார்த்துக் கெட்டது" என்று சொல்லி முடித்துவிடுவோம். இங்கே ஒரு நீதிமன்றம், அந்தப் பெண்ணைச் சுற்றி நின்ற நாம் எல்லோரும்தான் அந்த சகவாசம் என்று எழுதிவைத்தது. அப்படி எழுதிய நீதிபதிகளே அதன் முழு அர்த்தத்தையும் உத்தேசித்தார்களா என்பது வேறு விஷயம்.

நவம்பர் 8-ஆம் தேதி தாயும் மற்ற மூன்று பெண்களும் நின்றார்கள். இந்த முறை கதவு திறந்திருந்தது. அலிமி சாட்சிகளை வரிசையாகக் கூப்பிட்டார். நோபல் பரிசு பெற்ற உயிரியல் விஞ்ஞானி ஜாக் மோனோ வந்தார். என் மனசில் நிற்பவர் பேராசிரியர் போல் மிலியே. பக்திமானான கத்தோலிக்கர், பிள்ளைகுட்டிக்காரர், பெரிய டாக்டர். கருக்கலைப்பு அவருக்குச் சம்மதமில்லாத காரியம். இருந்தாலும் இந்தப் பெண் என்னிடம் வந்திருந்தால் நான் உதவியிருப்பேன், வேறு வழி இல்லை என்று நீதிமன்றத்தில் சொல்லிவிட்டார். இதற்காக மருத்துவர் சங்கம் அவரைக் கண்டித்தது. கிறிஸ்தவப் பள்ளியில் படித்து, பாவசங்கீர்த்தன வரிசையில் நின்று வளர்ந்த எனக்கு, ஒரு மனிதர் தன் நம்பிக்கையையும் விடாமல் எதிரே நிற்கும் பிள்ளையையும் விடாமல் பேசியது புதிதாக இருந்தது.

தாயும் நீதிபதியிடம் தலை குனியவில்லை. குற்றவாளி நான் இல்லை, உங்கள் சட்டம்தான் என்று சொன்னார். பெண்ணின் உடம்பைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல நான்கு ஆண்கள் உட்கார்ந்திருப்பதை அலிமி சுட்டிக் காட்டினார். நவம்பர் 22-இல் தீர்ப்பு. தாய்க்கு 500 பிராங்க் அபராதம், அதுவும் நிறுத்தி வைக்கப்பட்டது. மெட்ரோவில் கூட வேலை செய்தவர்களுக்கு விடுதலை. கலைத்துவிட்ட பெண்ணுக்கு நிறுத்தி வைத்த ஒரு வருஷச் சிறை. தாய் மேல்முறையீடு செய்தார். அரசுத் தரப்பு அதை எடுக்காமலே காலம் கடத்திக் காலாவதியாக விட்டது.

பிறகு நடந்தவை வேகமாக நடந்தன. 1973 ஜூலையில் கல்வி மந்திரி ஃபோந்தனே ஒரு சுற்றறிக்கை அனுப்பினார்: இனப்பெருக்கம் பற்றிய பாடம் வகுப்பிலேயே நடக்க வேண்டும், அதற்கு மேற்பட்ட பாலியல் கல்வியைப் பெற்றோர் சம்மதத்தோடு பள்ளி நேரத்துக்கு வெளியே வைத்துக்கொள்ளலாம் என்று. 1974 டிசம்பர் சட்டம் மைனர் பெண்களும் பெற்றோர் சம்மதம் இல்லாமல் கருத்தடைச் சாதனம் பெற வழி செய்தது. 1975 ஜனவரி 17-இல் சிமோன் வேய் சட்டம் வந்தது. ஆணுறைக்கு விளம்பரம் செய்யக் கூடாது என்ற தடை மட்டும் 1987 ஜனவரி வரை இருந்தது. எய்ட்ஸ் வந்து நின்ற பிறகுதான் அது போயிற்று.

இதையெல்லாம் படித்துவிட்டு, நம் நாடு இந்த விஷயத்தில் முந்திக்கொண்டது என்று ஒரு காலத்தில் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். பொய்யில்லை. நம் கருக்கலைப்புச் சட்டம் 1971-இல் நிறைவேறி 1972 ஏப்ரல் முதல் தேதியிலிருந்தே அமலில் இருந்தது. பலாத்காரத்தால் வந்த கர்ப்பம் அதில் சேர்த்தி; பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால் பெற்றோரோ கார்டியனோ எழுதிக் கொடுத்தால் போதும். பொபினியில் மரி-கிளேர் நின்ற அதே அக்டோபரில் இங்கே அது குற்றமில்லை. நிரோத் 1968-லேயே வந்துவிட்டது, பதினைந்து காசுக்கு மூன்று. சுவரெல்லாம் சிவப்பு முக்கோணம். எங்கள் தெருப் பையன்கள் நிரோத்தை ஊதிப் பலூன் விட்டார்கள். அந்த முக்கோணம் புருஷன் பெண்சாதியோடு மட்டும் பேசியது. பதினாறு வயதுப் பிள்ளையோடு பேசுகிற சுவர் எதுவும் இல்லை.

அந்தப் பெருமை 1979-இல் போயிற்று. நான் அப்போது ஓர் அலுவலகத்தில் பிறப்பு இறப்புப் பிரிவில் எழுத்தர். எத்தா சிவில் காலத்துப் பழைய பதிவேடுகள் எங்கள் அலமாரியில்தான் இருந்தன. அவற்றில் சாவுக்குக் காரணம் எழுதுகிற வழக்கமே இல்லை. பெயர், வயது, பெற்றோர், இறந்த நாள், மணி, சாட்சிகள், அவ்வளவுதான். புதுப் பதிவேட்டில் காரணத்துக்கு ஒரு கட்டம் உண்டு.

ஒரு நாள் காலையில் கிராமத்திலிருந்து ஒருவர் வந்தார். தோளில் துண்டு, கூடத் தலையாரி. மகள் இறந்துவிட்டாள், பதினாறு வயது. டாக்டர் யாரும் பார்க்கவில்லை. என்ன காரணம் என்று கேட்டேன். அவர் பேசவில்லை. பக்கத்து மேசையில் இருந்த பெரியவர், "வயித்து வலின்னு எழுது தம்பி. வேற என்னத்த எழுதப் போற?" என்றார். எழுதினேன். நல்ல கையெழுத்து எனக்கு. மை காயும்வரை அந்த வரியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தகப்பனார் கைநாட்டு வைத்துவிட்டுப் படியிறங்கிப் போனார். தலையாரி கொஞ்சம் பின்தங்கி நின்று, "பொண்ணு மூணு மாசமாம் சார். பக்கத்து ஊர்க்காரி ஏதோ மருந்து குடுத்திருக்கா" என்று சொல்லிவிட்டுப் போனான்.

சட்டம் அமலுக்கு வந்து ஏழு வருஷம். அரசு ஆஸ்பத்திரிக்குப் பஸ்ஸில் முக்கால் மணி நேரம். அந்தப் பெண்ணுக்கு அப்படி ஒரு சட்டம் இருப்பது தெரியாது. அவள் தாய்க்கும் தெரியாது. தெரிந்த நான் கடைசியில் அவள் பெயரை எழுதத்தான் பயன்பட்டேன். அவளோடு சம்பந்தப்பட்டவன் யார், பலவந்தமா, ஆசையா, எதற்கும் அந்தப் பதிவேட்டில் கட்டம் கிடையாது. நானும் யாரிடமும் வாய் திறக்கவில்லை. வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்கினேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். தொண்ணூறுகளின் கடைசியில் டாக்டர் மாத்ருபூதம் தொலைக்காட்சியில் இரவு நேரத்தில் வந்து இந்த விஷயங்களைச் சிரிக்கச் சிரிக்கப் பேசுவார், ஞாபகம் இருக்கும். நான் விரும்பிப் பார்ப்பேன். எங்கள் பெண்ணுக்கு அப்போது பதினைந்து. அவள் கூடத்துக்கு வருகிற சத்தம் கேட்டால் உடனே கிரிக்கெட்டுக்கு மாற்றிவிடுவேன். பொபினியை வாசித்தவன், அந்த வரியை எழுதியவன், நான்தான். ஒருநாள் மனைவியிடம், "நீயாவது அவளிடம் சொன்னாயா?" என்று கேட்டேன். "எங்கம்மா எனக்குச் சொன்னாங்களா? கல்யாணத்துக்கு மொத நாள் அத்தை ஒருத்தி வந்து, அவர் சொல்றபடி கேளுன்னா, அவ்வளவுதான்" என்றாள். பெண் எப்படியோ நல்லபடியாக வளர்ந்துவிட்டாள். அதில் எங்கள் சாமர்த்தியம் ஒன்றும் இல்லை.

ஜிசேல் அலிமி 2020 ஜூலையில், 93 வயது முடிந்த மறுநாள் காலமானார். மரி-கிளேர் வழக்குக்குப் பிறகு பெயரை மாற்றிக்கொண்டு, நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் உதவியாளர் வேலை செய்து, யார் கண்ணிலும் படாமல் வாழ்ந்திருக்கிறார். 2022 ஜனவரியில் இறந்தார், 66 வயது. இரண்டு வருஷம் கழித்து, 2024 மார்ச்சில், கருக்கலைப்பு உரிமையைப் பிரான்சு தன் அரசியல் சட்டத்திலேயே எழுதிக்கொண்டது.

அவர் இறந்த செய்தியைக் காலையில் பிரெஞ்சுச் செய்தியில் பார்த்துக்கொண்டிருந்தபோது மனைவி காபியோடு வந்து, யார் அந்த அம்மா என்று கேட்டாள். சொன்னேன். சொல்லிக்கொண்டே வந்து 1979-க்கும் வந்துவிட்டேன். நாற்பத்து மூன்று வருஷமாக அவளிடமும் சொல்லாத விஷயம். டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் இருந்தாள்.

"அந்தப் பொண்ணு பேரு ஞாபகம் இருக்கா உங்களுக்கு?"

இருந்தது. அவளிடம் சொன்னேன். இங்கே எழுதவில்லை.